தூத்துக்குடியில் என்ன பார்ப்பது?

தூத்துக்குடிக்குப் போகிறேன் என்று சொன்னால், "திருச்செந்தூருக்கா?" என்றுதான் பலரும் கேட்கிறார்கள். இந்த ஊரைக் கடந்து போகிறவர்கள் ஏராளம். இந்த ஊருக்காகவே இறங்குகிறவர்களில் பெரும்பாலோர் சரக்கு வேலையாகவோ உறவினர் வீட்டு விசேஷத்துக்காகவோ வந்தவர்கள். நீச்சலுடைக் கடற்கரையும் வரிசையாக விடுதிகளும் தேடி வருபவருக்கு இங்கே ஏமாற்றமே மிஞ்சும். ஆனால் ஒரு துறைமுக ஊர் எப்படி உழைக்கிறது என்று பார்க்க விரும்புகிறவருக்குத் தமிழகக் கடற்கரையில் இதற்கு இணையான ஊர் இல்லை என்பது என் எண்ணம். இங்கே பார்ப்பதற்குரியவை அனேகமாக எல்லாமே யாரோ ஒருவருடைய அன்றாட வேலை. எனவே எங்கே போவது என்பதைவிட எந்த நேரத்தில் போவது என்பதே முக்கியம்.

சென்னை எழும்பூரில் மாலையில் புறப்படும் முத்துநகர் விரைவு ரயில் மறுநாள் காலையில் தூத்துக்குடியில் விட்டுவிடும். உப்பளங்களைப் பார்க்க வேண்டுமானால் அன்று நேரம் தவறிவிட்டதென்றே கொள்ள வேண்டும். உச்சி வெயிலில் வெள்ளைப் பாத்திகளுக்கு நடுவே நிற்க முடியாது என்பதால், தொழிலாளர்கள் பொழுது விடியும் முன்பே வேலையைத் தொடங்கி முற்பகலுக்குள் முடித்துவிடுகிறார்கள். ஓர் இரவு தங்கி, மறுநாள் அதிகாலையில் ஆட்டோ பேசிக்கொண்டு, முத்தையாபுரம் வழியாகத் திருச்செந்தூர் செல்லும் சாலையிலோ, வடக்கே தருவைக்குளம், வேப்பலோடைப் பக்கம் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையிலோ போவது நல்லது. சாலையின் இருபுறமும் கண்ணுக்கெட்டிய தூரம் பாத்திகள் தெரியும்.

கடல் நீரைப் பாய்ச்சித்தான் உப்பு எடுக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு வருகிறவர்கள் அதிகம். தூத்துக்குடியில் பெரும்பகுதி உப்பு நிலத்தடியிலிருந்து இறைக்கும் உவர்நீரில் விளைகிறது. அந்த நீரில் கடல் நீரைவிட உப்புச் செறிவு கூடுதல். முதலில் அதைப் பெரிய பாத்திகளில் தேக்கி வெயிலில் காய்ச்சுகிறார்கள். செறிவு ஏறிய நீரைச் சிறு பாத்திகளுக்குத் திருப்புகிறார்கள். உப்பு படிந்ததும், மிச்சமிருக்கும் நீர் முற்றிலும் வற்றிவிடாமல் பார்த்து நீண்ட கைப்பிடியுள்ள பலகையால் வாரி வரப்பில் ஏற்றுகிறார்கள். வற்ற விட்டால் மெக்னீசிய உப்புகளும் சேர்ந்து படிந்து கசப்பேறிவிடும். தை மாசி வாக்கில் தொடங்கும் உற்பத்தி ஐப்பசி மழையோடு நின்றுவிடுகிறது. இந்தியாவின் உப்பு உற்பத்தியில் குஜராத்துக்கு அடுத்த இடம் தமிழகத்துக்கு. அதில் பெரும் பங்கு இந்த மாவட்டத்துடையது. படம் எடுக்க விரும்புகிறவர்கள் முதலில் அங்கே வேலை செய்பவர்களிடம் கேட்க வேண்டும். உப்பு நீரில் வெடித்த கால்களோடு நிற்கும் பெண்கள், வெள்ளைக் குவியலுக்கு அழகு சேர்க்க அங்கே வந்தவர்கள் அல்லர்.

முற்பகலுக்குப் பின் ஊருக்குள் வந்து கடற்கரைச் சாலைக்குப் போனால் பழைய துறைமுகம் இருக்கிறது. என்னை மீண்டும் மீண்டும் இந்த ஊருக்கு இழுப்பது இங்கே நிற்கும் தோணிகள்தாம். மரத்தால் கட்டப்பட்ட, பருத்த வயிறுடைய இந்தச் சரக்குக் கலங்கள் ஒரு காலத்தில் பாய் விரித்துக் கொழும்புக்கு ஓடின. இப்போது எஞ்சின் பொருத்திக்கொண்டு மாலத்தீவுக்கும் லட்சத்தீவுக்கும் போகின்றன. வெங்காயம், உருளைக்கிழங்கு, காய்கறி, செங்கல், சிமெண்ட், கருங்கல் ஜல்லி என்று அந்தத் தீவுகளில் கிடைக்காத எல்லாமும் ஏறுகிறது. பவளத் திட்டுகளின் மேல் அமைந்த நாட்டில் வீடு கட்டக் கல் கிடைக்காதல்லவா? தோணியை நடத்துகிறவரைத் தண்டல் என்பார்கள். வயது முதிர்ந்த தண்டல் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தபோது, தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் தோணிகள் கரையில் கிடப்பதையும், அந்த ஓய்வில்தான் பலகை மாற்றுவது, சந்து அடைப்பது போன்ற பழுது வேலைகள் நடப்பதையும் பொறுமையாக விளக்கினார். துறைமுக வளாகத்துக்குள் செல்ல அனுமதி வேண்டும். எனினும் கடற்கரைச் சாலையிலிருந்தே தோணிகளின் கொடிமரங்களைப் பார்க்கலாம்.

இங்கே கடல் ஏரியைப் போல அசையாமல் கிடக்கும். எதிரே இலங்கையும், கரையோரமாக மன்னார் வளைகுடாத் தீவுகளும் அலையைத் தடுத்துவிடுகின்றன. ஏற்றவற்றத்தின் வேறுபாடு ஒரு மீட்டருக்கும் குறைவு. அமைதி இருந்தும் ஆழம் இல்லாததுதான் பழைய துறைமுகத்தின் குறை. பெரிய கப்பல்கள் சில மைல் தள்ளி நங்கூரம் பாய்ச்சி நிற்க, தோணிகளே சரக்கைக் கொண்டுபோய்க் கொடுத்து வாங்கி வந்தன. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் தெற்கே, கடலுக்குள் ஏறத்தாழ 4 கிலோமீட்டர் நீளும் இரண்டு கல் சுவர்களை எழுப்பி, அவற்றுக்கு நடுவே புதிய துறைமுகத்தைச் செயற்கையாக உருவாக்கினார்கள். 1974இல் அது பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. அதன் உட்பகுதிக்குப் பொதுமக்கள் நினைத்தபோது போக முடியாது. துறைமுகக் கடற்கரையில் மாலையில் உட்கார்ந்தால், சரக்குப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டு ஒரு கப்பல் மெல்ல உள்ளே வருவதைப் பார்க்கும் வாய்ப்புக் கிடைக்கலாம்.

2011 முதல் இத்துறைமுகம் வ.உ.சிதம்பரனாரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1906இல் அவர் தொடங்கிய சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி, காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்களை வாங்கித் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓட்டியது. போட்டியாளரான ஆங்கிலேயக் கம்பெனி கட்டணத்தை அடிமட்டத்துக்குக் குறைத்தது. 1908இல் கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்துக்குத் துணை நின்ற சிதம்பரனார் அதே ஆண்டு கைதாகித் தண்டிக்கப்பட்டார், கம்பெனியும் நிலைக்கவில்லை. சிறையிலிருந்து மீண்டு பல ஆண்டுகள் வறுமையில் உழன்ற அவர், 1936இல் இதே தூத்துக்குடியில் காலமானார். சென்னையிலிருந்து ரயிலில் வந்து இங்கே கப்பலேறிக் கொழும்பு போகும் வழக்கம் அக்காலத்தில் பெரிதாக இருந்தது; 1914இல் பாம்பன் பாலம் திறந்து தனுஷ்கோடி வழி உருவானதும் அந்தக் கூட்டம் அங்கே திரும்பிவிட்டது. 2011இல் மீண்டும் தொடங்கிய கொழும்புப் பயணியர் கப்பலும் சில மாதங்களில் நின்றுபோனது. அரசியல் மேடைகளில் 'கப்பலோட்டிய தமிழன்' என்று முழங்குகிறவர்கள், அவர் கப்பல் விட்ட வழியில் இன்று பயணிகள் கப்பல் ஒன்றும் போவதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லலாம்.

பழைய துறைமுகத்திலிருந்து நடக்கும் தூரத்தில் இருக்கிறது பனிமய மாதா பேராலயம். இப்போதைய கட்டடம் 1713ஆம் ஆண்டுக்குரியது. உள்ளே இருக்கும் மாதா சுரூபம் அதற்கும் முந்தியது, 1555இல் மணிலாவிலிருந்து கப்பலில் வந்ததாகச் சொல்லப்படுகிறது. 1530களில் முத்துக் குளிக்கும் பரதவர்கள் போர்ச்சுக்கீசியரின் பாதுகாப்பை நாடிக் கத்தோலிக்கர் ஆனார்கள். 1658இல் ஊர் டச்சுக்காரர் கைக்குப் போன பின்னும் அவர்கள் தங்கள் மாதாவை விடவில்லை. ஜூலை 26 அன்று கொடியேறி ஆகஸ்ட் 5 அன்று நிறைவுறும் திருவிழாவில் சாதி மத வேறுபாடு பாராமல் ஊரே திரளும். தங்கத் தேர் ஆண்டுதோறும் ஓடுவதில்லை. அண்மையில் 2013லும் 2023லும் ஓடியது. திருவிழா நாட்களில் விடுதி அறை கிடைப்பது அரிது. கூட்டம் விரும்பாதவர்கள் சாதாரண நாளொன்றின் பிற்பகலில் போய் உட்காருவதே மேல். அருகிலேயே டச்சுக்காரர்கள் 1750இல் கட்டிய சிறிய தேவாலயமும் இருக்கிறது.

முத்து நகர் என்று பெயர் இருந்தும் இங்கே முத்துக் குளிப்பு இல்லை. முத்துச் சிப்பிகள் படியும் கடலடித் திட்டுகளைப் 'பார்' என்பார்கள். அரசு நடத்திய கடைசி முத்துக் குளிப்பு 1961இல் முடிந்தது. சங்கு குளிப்பது மட்டும் தொடர்கிறது. மூச்சடக்கி மூழ்கிய காலம் போய், படகில் இருக்கும் கம்ப்ரசரிலிருந்து குழாய் வழியே காற்று வாங்கிக்கொண்டு மூழ்குகிறார்கள்; ஆபத்தான வேலை. எடுத்த சங்குகளில் பெரும்பகுதி வங்காளத்துக்குப் போய் மணமான பெண்களின் கைவளையாகிறது. திரேஸ்புரம் கரையில் விசாரித்தால் சங்குக்குப் போகிறவர்களைச் சந்திக்கலாம்.

திரேஸ்புரத்தை வேறொரு காரணத்துக்காகவும் விட்டுவிடக் கூடாது. நாட்டுப்படகுகள் கரை சேரும்போது அங்கே நடக்கும் ஏலம், கேட்டுப் பழகாதவருக்குப் புரியாத வேகத்தில் போகும். சீலா, பாறை, விளமீன், ஊளி, கணவாய் என்று தரையில் பரப்பியதைச் சுற்றி வியாபாரிகளும், தலைச்சுமையாகக் கொண்டுபோய் விற்கும் பெண்களும் நிற்பார்கள். மீன்பிடித் துறைமுகத்து விசைப்படகுகளோ அதிகாலையில் கிளம்பி அன்றிரவே திரும்புகிறவை; எனவே அங்கே சந்தை களைகட்டுவது இருட்டிய பிறகுதான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை என்பதால், அந்த நாட்களில் வருகிறவர்களுக்கு நாட்டுப்படகு மீன்தான் கதி. அதில் குறையொன்றும் இல்லை. உருப்படி குறைவாக இருந்தாலும் மீன் புதிதாக இருக்கும்.

இரவு உணவைப் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை, புரோட்டாதான். பொழுது சாய்ந்ததும் தெருத்தெருவாகக் கல் சூடேறிவிடும். பிய்த்துப் போட்டுச் சால்னாவை மூழ்க ஊற்றிச் சாப்பிடுவதுதான் இங்கே முறை. சால்னாவைத் தனிக் கிண்ணத்தில் கேட்டால் வெளியூர்க்காரர் என்று தெரிந்துவிடும்.

ஒரு நாள் கூடுதலாக இருந்தால் தெற்கே போக வேண்டும். சங்கப் பாடல்கள் முத்துக்காகப் புகழ்ந்த பாண்டியர் துறைமுகமான கொற்கை இன்று கடலிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே தள்ளி, வயலும் வாழையும் சூழ்ந்த சிற்றூராக இருக்கிறது. தாமிரபரணி கொண்டுவந்து கொட்டிய வண்டல் துறையை மூடிவிட, வணிகம் காயல் என்ற துறைமுக ஊருக்கு நகர்ந்தது. அதுவும் தூர்ந்தபின் தூத்துக்குடிக்கு வந்தது. கொற்கையில் இறங்கிப் பார்ப்பதற்கு ஒரு பழைய வன்னிமரமும் குளமும் தவிர அதிகம் இல்லை. ஆனால் தோணித் துறையைப் பார்த்துவிட்டு அடுத்த நாளே அங்கே போய் நிற்பதில் ஒரு பயன் உண்டு: இதே கரையில் துறைமுகம் எத்தனை முறை இடம் பெயர்ந்திருக்கிறது என்பது அங்கேதான் உறைக்கிறது. அங்கிருந்து திருச்செந்தூரைத் தாண்டிப் போனால் மணப்பாடு. கடலுக்குள் நீட்டிய மணல்மேட்டின் உச்சியில் திருச்சிலுவை ஆலயமும், அடியில் புனித சவேரியார் தங்கியதாக நம்பப்படும் குகையும் இருக்கின்றன. தூத்துக்குடிக் கடலில் காணாத அலையை அங்கே காணலாம்.

மக்ரூனைக் கடைசி நாளில், ரயிலுக்குச் சற்று முன்பாக வாங்குவதே சரி. முட்டையின் வெள்ளைக் கருவைச் சர்க்கரையோடு நுரைக்க அடித்து, முந்திரித் தூள் சேர்த்து, குறைந்த சூட்டில் நெடுநேரம் காயவைத்து எடுக்கும் அந்தச் சிறு கூம்புகள் கடற்காற்றின் ஈரம் பட்டால் பிசுபிசுத்துவிடும். அன்றன்று போட்டு விற்கும் பேக்கரியில் வாங்கி, காற்றுப் புகாத டப்பாவில் அடைத்துக்கொண்டால் ஊர் போய்ச் சேரும் வரை மொறுமொறுப்புக் குறையாது. காகிதப் பையில் தருவார்கள், டப்பாவை நாம்தான் கொண்டுபோக வேண்டும்.