மாதிரிக் குழாயிலிருந்து கடைசிச் சொட்டுவரை: தர்பன் வார்டில் ரத்தம் ஏற்றும் அனுபவம்

தென்னாப்பிரிக்காவின் தர்பன் நகரில், சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், மெரிபேங்க் பக்கத்திலிருந்து நோயாளிகள் வரும் எந்த வார்டிலும் ஒரே நாளில் மூன்று கோவெண்டர், இரண்டு நாயுடு, இரண்டு மூட்லி படுத்திருப்பது சாதாரணம். அவர்களில் இரண்டு பேருக்குத் தலைப்பெழுத்தும் ஒன்றாக இருக்கும். ரத்தம் ஏற்றி ஏற்றிப் பழகிய செவிலியர்களாகிய எங்களுக்கு இன்றும் முதல் கவலை இதுதான். ஊசி, பை, சொட்டு வேகம் எல்லாம் நாளடைவில் கைக்கு வந்துவிடும். இன்னாருக்கு உரிய ரத்தம் இன்னாருக்குத்தான் போகிறதா என்று பார்ப்பதை மட்டும் கைப்பழக்கத்திடம் ஒப்படைக்கக் கூடாது. படிப்பு முடித்ததும் செய்யும் கட்டாயச் சமூகச் சேவை ஆண்டுக்கு வார்டில் புதிதாகச் சேரும் தம்பி தங்கைகளுக்காக, ஒரு பை ரத்தம் எப்படிப் போய்ச் சேர்கிறது என்பதை ஆரம்பத்திலிருந்து எழுதுகிறோம்.

வேலை தொடங்குவது மாதிரி எடுக்கும்போது. ஊதா மூடி போட்ட குழாயில் எடுக்கும் அந்தச் சில மில்லி ரத்தத்தை வைத்துத்தான் ரத்த வங்கி குரூப் பார்த்து, பொருத்தமும் பார்க்கிறது. குழாயில் தப்பான பெயர் இருந்தால், வங்கி எவ்வளவு கவனமாக வேலை செய்தாலும் தப்பான ஆளுக்குப் பொருத்தமான ரத்தத்தையே அனுப்பும். பிறகு படுக்கையருகே நாம் பையையும் படிவத்தையும் ஒப்பிடும்போது எல்லாமே சரியாகப் பொருந்தும், தவறு வெளியே தெரியாது. ஆகவே குழாயில் முன்கூட்டியே பெயர் எழுதி வைக்காதீர்கள். நோயாளியிடம் கேட்டு, கைப்பட்டையைப் பார்த்து, ரத்தம் எடுத்து, படுக்கையை விட்டு நகரும் முன்பே எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். ஒரு நேரத்தில் ஒரு நோயாளி மட்டும். டிரேயில் நான்கு பேருடைய குழாய்களை வைத்துக்கொண்டு சுற்றுவதுதான் இந்தத் தவறு பிறக்கும் இடம். பெயரில் ஒரு எழுத்து மாறியிருந்தாலும் வங்கி மாதிரியைத் திருப்பி அனுப்பும். அதில் கோபப்பட எதுவுமில்லை, மறுபடி எடுங்கள். கடந்த 3 மாதத்துக்குள் ரத்தம் ஏற்றியவர், கர்ப்பிணி ஆகியோருடைய மாதிரி 72 மணி நேரத்துக்குத்தான் செல்லும் என்பதையும் நினைவில் வையுங்கள். அவர்கள் உடலில் புதிய எதிர்ப்பொருள் உருவாகியிருக்கலாம்.

கேட்கும் முறை ஒன்று உண்டு. “நீங்கதானே மிசஸ் கோவெண்டர்?” என்று கேட்டால், காது மந்தமான ஆயா (பாட்டி), காய்ச்சலில் கிடப்பவர், நர்ஸைச் சங்கடப்படுத்த விரும்பாதவர் எல்லோரும் “ஆமாம்மா” என்றுதான் சொல்வார்கள். “ஆயா, உங்க முழுப் பேரு என்ன? பொறந்த தேதி என்ன?” என்று கேட்டு, வாய் திறந்து அவர்களே சொல்லக் கேளுங்கள். வயதானவர்கள் வீட்டில் கூப்பிடும் பெயரைச் சொல்வார்கள், அடையாள அட்டையில் வேறொரு பெயர் இருக்கும். அப்போது 13 இலக்க அடையாள எண் கைகொடுக்கும். அதன் முதல் 6 இலக்கம் பிறந்த ஆண்டு, மாதம், தேதி. அதோடு மருத்துவமனைக் கோப்பு எண்ணையும் சேர்த்துப் பாருங்கள். ஜூலு பேசுபவரிடம் “ங்குபானி இகாமா லாகோ?” (உங்கள் பெயர் என்ன?) என்று கேட்கும் அளவுக்காவது எல்லோரும் கற்றுக்கொள்ள வேண்டும். பதில் சொல்ல முடியாத நிலையில் இருப்பவருக்குக் கைப்பட்டைதான் வாய்.

காவடி சமயத்தில் காப்புக் கட்டிய கையோடு வந்து சேர்பவர்கள் உண்டு. மஞ்சள் கயிற்றை வெட்டிவிட்டுப் பட்டை போடுவது தேவையற்ற காயம். மறு கையிலோ கணுக்காலிலோ பட்டையைப் போட்டு, கோப்பில் குறித்தால் போதும். ஐவி (நரம்பு ஊசி) போடும்போது பட்டை இடைஞ்சல் என்று கழற்றி லாக்கர் மேல் வைப்பது வேறு விஷயம், அது ஆபத்து. கழற்றினால் அந்த நிமிடமே வேறொன்று போடுங்கள். பட்டை இல்லாதவருக்கு ரத்தம் தொங்கவிடுவதில்லை என்பதை வார்டு முழுவதும் ஒரு பிடிவாதமாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது சம்மதம். ஏன் ரத்தம், என்ன பயன், என்ன ஆபத்து, வேறு வழி உண்டா என்பதை விளக்க வேண்டியவர் டாக்டர். நோயாளிக்கு அது புரிந்ததா என்று பார்ப்பது நம் வேலை. 2003-ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரச் சட்டம், 6-ஆம் பிரிவில், நோயாளிக்குப் புரியும் மொழியில், அவருடைய எழுத்தறிவையும் கருதிச் சொல்ல வேண்டும் என்கிறது. மறுக்கும் உரிமையையும் மறுத்தால் என்ன ஆகும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பக்கத்துப் படுக்கைக்காரரையோ பேரப்பிள்ளையையோ மொழிபெயர்க்க வைப்பது கைக்கெட்டும் வழிதான். ஆனால் பாட்டியின் உதிரப்போக்கைப் பேரன் வாயால் கேட்க வைக்கிறோம் என்பதை யோசித்துப் பாருங்கள். வார்டில் அந்த மொழி தெரிந்த ஊழியர் ஒருவர் கட்டாயம் இருப்பார், அவரைக் கூப்பிடுங்கள்.

எச்ஐவி பயம் இன்னும் இருக்கிறது. இங்கே 2005 முதல் தானம் செய்யப்படும் ஒவ்வொரு அலகும் தனித்தனியாக, வைரஸின் மரபணுவையே தேடும் சோதனைக்குப் போகிறது என்று நிதானமாகச் சொன்னால் பலர் தெளிவடைகிறார்கள். ஆபத்து முழுக்க இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள், அது உண்மையல்ல. “விரதத்தில் இருக்கேன், இப்ப வேண்டாம்” என்று சொல்பவரும் உண்டு. அவசரமில்லை என்றால் காத்திருக்க முடியுமா, இரும்புச்சத்து ஊசி போதுமா என்று டாக்டரிடம் நாமே கேட்கலாம். ரத்தம் ஏற்றிக்கொள்வதை மதக் காரணத்தால் ஏற்காத கிறிஸ்தவப் பிரிவான யெகோவாவின் சாட்சிகளைச் சேர்ந்த, தெளிந்த மனநிலையில் உள்ள பெரியவர் வேண்டாம் என்றால் அது அவருடைய முடிவு. மற்றப் பராமரிப்பு ஒரு துளியும் குறையக் கூடாது. குழந்தை விஷயத்தில் சட்டம் வேறு: 2005-ஆம் ஆண்டின் குழந்தைகள் சட்டப்படி 12 வயது தாண்டிய, புரிந்துகொள்ளும் முதிர்ச்சி உள்ள பிள்ளையே சிகிச்சைக்குச் சம்மதிக்கலாம். மதக் காரணம் ஒன்றை மட்டும் காட்டிப் பெற்றோர் சிகிச்சையை மறுத்துவிட முடியாது. அந்த நிலை வந்தால் தனியாக வாதாடாமல் பொறுப்பு சிஸ்டரையும் டாக்டரையும் உடனே சேருங்கள்.

பை வரும் முன்பே எல்லாம் தயாராக இருக்க வேண்டும். நரம்பில் ஊசி வேலை செய்கிறதா? பெரியவருக்கு பச்சை நிற 18 அல்லது ரோஸ் நிற 20 அளவு நல்லது. நரம்பு மெலிந்த பாட்டிக்கு இன்னும் மெல்லிய நீல நிற 22 இருந்தாலும் மெதுவாகப் போகும். வடிகட்டி உள்ள ரத்த செட் இருக்கிறதா? சாதாரண டிரிப் செட்டில் ஏற்றக் கூடாது. கூட ஓடக்கூடிய ஒரே திரவம் 0.9 சதவீத சலைன். ரிங்கர்ஸ் லாக்டேட் என்ற டிரிப் திரவத்தில் கால்சியம் இருக்கிறது. பையில் ரத்தம் உறையாமல் தடுக்கும் சிட்ரேட்டை அது முறியடித்து, குழாயிலேயே கட்டி கட்டச் செய்யும். டெக்ஸ்ட்ரோஸ் (சர்க்கரைத் திரவம்) சிவப்பணுக்களை உடைக்கும். அதே லைனில் ஆன்டிபயாடிக் தள்ளுவதும் கூடாது. மருந்து நேரம் இடிக்கிறது என்றால் வேறு ஊசி போடுங்கள், அல்லது டாக்டரைக் கேட்டு நேரத்தை மாற்றுங்கள்.

குளிர்ச்சியிலிருந்து வெளியே வந்த பிறகு 30 நிமிடத்துக்குள் தொடங்க வேண்டும், 4 மணி நேரத்துக்குள் முடிய வேண்டும். அறை வெப்பத்தில் கிருமி பெருகும் என்பதே காரணம். ஊசி சரியில்லை, நோயாளி எக்ஸ்ரேக்குப் போயிருக்கிறார் என்றால் பையை வார்டு மருந்து ஃபிரிட்ஜில் வைத்துவிடாதீர்கள். ரத்தத்துக்கு 2 முதல் 6 டிகிரி சீராக வேண்டும், அலாரமும் வேண்டும். ஒரு நாளைக்கு நூறு தடவை திறந்து மூடும் அந்த ஃபிரிட்ஜ் அதைத் தராது. வங்கிக்கு போன் போட்டு உடனே திருப்பி அனுப்புங்கள். அவசர ஓ குரூப் பை வைத்திருக்கும் ஃபிரிட்ஜ், ஜெனரேட்டர் இணைப்புள்ள சாக்கெட்டில்தான் இருக்கிறதா என்று மின்வெட்டுக் காலத்தில் ஒவ்வொரு ஷிப்டிலும் பார்ப்பது நல்லது. பிளேட்லெட் (ரத்தத் தட்டணு) பைக்கு ஃபிரிட்ஜே ஆகாது. 20 முதல் 24 டிகிரியில், அசைந்துகொண்டே இருக்க வேண்டும்.

இருவர் சரிபார்ப்புக்கு வருவோம். எல்லா வார்டிலும் எழுதப்பட்ட விதி இது. பல இடங்களில் செத்துப்போன விதியும் இதுதான். ஒருவர் மேசையில் நின்றபடி சத்தமாகப் படிக்கிறார், மற்றவர் வேறொரு சார்ட்டை எழுதிக்கொண்டே “ம், ம்” என்கிறார், இரண்டு கையெழுத்தும் விழுகிறது. அங்கே பார்த்தது ஒரு ஜோடிக் கண்தான். நாங்கள் செய்வது இப்படி: இருவரும் படுக்கையருகே போகிறோம். முதலாமவர் நோயாளியிடம் பெயரும் பிறந்த தேதியும் கேட்டு, பட்டையைப் பார்த்து, பையில் கட்டிய அட்டையோடு ஒப்பிடுகிறார். பிறகு பையை மற்றவர் கையில் கொடுத்துவிட்டு விலகி நிற்கிறார். இரண்டாமவர் முதலிலிருந்து எல்லாவற்றையும் தானாகப் பார்க்கிறார். பெயர், அடையாள எண், கோப்பு எண், பை எண், நோயாளியின் குரூப், பையின் குரூப், காலாவதித் தேதி, டாக்டரின் உத்தரவு, ஒன்றும் விடுவதில்லை. பையைத் தூக்கி வெளிச்சத்தில் திருப்பி, ஒழுகலோ கட்டியோ குமிழியோ நிறமாற்றமோ உண்டா என்றும் பார்க்கிறார். ஒன்று பொருந்தாவிட்டாலும் பை திரும்பிப் போகும்.

இரவில் வார்டு முழுவதற்கும் பதிவு பெற்ற செவிலியர் ஒருவரே இருப்பார். இரண்டாவது ஆள் வேண்டுமென்று பக்கத்து வார்டைக் கூப்பிட்டால் சில நேரம் முகம் சுளிப்பார்கள். கூப்பிடத்தான் வேண்டும், அவர்கள் கூப்பிட்டால் நாமும் போக வேண்டும். இரண்டாவது ஆள் எந்தப் பதவியில் இருக்கலாம் என்பதை மருத்துவமனை விதி சொல்லும். சரிபார்ப்பவர் இளையவர் என்றால் அவர் “நில்லுங்க சிஸ்டர், இந்த நம்பர் வேற” என்று சொல்லத் துணியும்படி நாம் நடந்துகொண்டிருக்க வேண்டும். சொன்னவர் மேல் எரிந்து விழுந்தால் அடுத்த முறை அவர் வாய் திறக்க மாட்டார். உயிருக்கு ஆபத்தில்லாத ரத்தத்தை இரவில் தொடங்காமல் பகலுக்குத் தள்ளும்படி டாக்டரிடம் கேட்பதும் நம் உரிமை. உதிரப்போக்கு நோயாளிக்கு இது பொருந்தாது என்று சொல்லவே வேண்டாம்.

தொடங்கும் முன் வெப்பம், நாடி, மூச்சு, ரத்த அழுத்தம் நான்கையும் எழுதுங்கள். முதல் 15 நிமிடம் நிமிடத்துக்கு 2 மில்லிக்கு மேல் போகாமல் விட்டு, நோயாளி பக்கத்திலேயே இருங்கள். குரூப் மாறிய ரத்தம் சில மில்லி போனாலே உடல் காட்டிவிடும், அப்போது நிறுத்தினால் உயிர் பிழைக்கும். 15-ஆம் நிமிடம் நான்கையும் மறுபடி பார்த்து எழுதிவிட்டு வேகத்தைக் கூட்டலாம். ஒரு பை சிவப்பணு சுமார் 300 மில்லி. அதை 3 மணி நேரத்தில் முடிக்க மணிக்கு 100 மில்லி. மில்லிக்கு 15 சொட்டு விழும் செட் என்றால் நிமிடத்துக்கு 25 சொட்டு, 20 சொட்டு விழும் செட் என்றால் 33. எது என்று செட்டின் உறையிலேயே அச்சிட்டிருக்கும். இதயமோ சிறுநீரகமோ பலவீனமானவர், மெலிந்த முதியவர் என்றால் இன்னும் மெதுவாக, ஆனால் 4 மணி நேரத்தைத் தாண்டாமல். நடுவில் இருமல், மூச்சுத் திணறல், ஏறும் ரத்த அழுத்தம் வந்தால் உடலில் நீர் அதிகமாகிவிட்டது என்று முதலில் சந்தேகப்படுங்கள். அதனால்தான் இவர்களுக்கு ஒரு பை முடிந்து, பரிசோதித்த பிறகே அடுத்தது.

நோயாளி “ஒரு மாதிரியா இருக்கு, பயமா இருக்கு” என்று சொன்னால் அதை ஒரு அறிகுறியாகவே எடுத்துக்கொள்ளுங்கள். குளிர் நடுக்கம், இடுப்புப் பக்க வலி, ஊசி போட்ட இடத்தில் எரிச்சல், வெப்பம் 1 டிகிரி ஏறுதல், தடிப்பு, சிவந்த சிறுநீர், எதுவானாலும் முதல் வேலை ரத்தத்தை நிறுத்துவது. டாக்டரைக் கேட்டுவிட்டு நிறுத்தலாம் என்று காத்திருக்காதீர்கள். ரத்தம் நிறைந்த குழாயை முழுவதும் கழற்றுங்கள். அதே குழாயில் சலைனைத் திறந்தால் உள்ளே இருக்கும் ரத்தம் எல்லாம் நோயாளிக்குள்தான் போகும். ஊசி மட்டும் இருக்கட்டும், புது செட்டில் சலைன் ஓடட்டும். ஒருவர் நோயாளியோடு, ஒருவர் போனில், இன்னொருவர் பட்டையையும் பையையும் மறுபடி ஒப்பிடுகிறார். பெயர் மாறியிருந்தால் அந்த நிமிடமே வங்கிக்குச் சொல்லுங்கள், இவருக்கு வர வேண்டிய பை வேறொரு வார்டில் இன்னொருவருக்கு ஓடிக்கொண்டிருக்கலாம். தொண்டை அடைத்து, மூச்சு இழுத்து, அழுத்தம் இறங்கினால் பெரியவருக்கு 1:1000 அட்ரினலின் 0.5 மில்லி தொடைத் தசையில் போட வேண்டியிருக்கும். எமர்ஜென்சி டிராலி ஏற்கனவே பக்கத்தில் இருக்கட்டும். பையைச் செட்டோடு மூடி, புதிய ரத்த மாதிரியும் சிறுநீரும் படிவமும் சேர்த்து வங்கிக்கு அனுப்புங்கள், குப்பையில் போட்டுவிடாதீர்கள். வெறும் தடிப்பு மட்டும் என்றால் மருந்து கொடுத்து மெதுவாகத் தொடரலாமா என்பதை டாக்டர் தீர்மானிப்பார்.

7 மணி ஷிப்ட் மாற்றத்துக்குச் சற்று முன் பை தொடங்குவது நல்லதல்ல. முதல் 15 நிமிடத்தில் யார் பக்கத்தில் நிற்பது? ஓடிக்கொண்டிருக்கும் பையை ஒப்படைப்பதாக இருந்தால் படுக்கையருகே நின்றே ஒப்படையுங்கள்: எந்த நோய்க்கு, எத்தனையாவது பை, எப்போது தொடங்கியது, எத்தனை மில்லி போயிருக்கிறது, கடைசி வெப்பமும் நாடியும் என்ன, எப்போதுக்குள் முடிய வேண்டும். வருபவர் பட்டையையும் பையையும் தானே ஒருமுறை பார்த்த பிறகு போகிறவர் நகரலாம்.

முடிந்ததும் நான்கு அளவையும் மறுபடி எடுத்து, முடிந்த நேரம், போன அளவு, பை எண் எல்லாவற்றையும் எழுதுங்கள். எழுதாத வேலை செய்யாத வேலையாகவே விசாரணையில் கருதப்படும். ரத்தம் ஏற்றி முடிந்து 6 மணி நேரம் வரைகூட நுரையீரல் பாதிப்பு வரலாம் என்பதால் மூச்சைக் கவனிப்பதை நிறுத்தாதீர்கள். ஒரு பைக்கு ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்குச் சுமார் 1 கிராம் ஏறும். அது ஏறவில்லை என்றால் எங்கோ இன்னும் ரத்தம் போகிறது, அல்லது ஏற்றிய செல்கள் உடைகின்றன என்று டாக்டரிடம் சொல்லுங்கள். வீட்டுக்குப் போகிறவரிடம், அடுத்த இரண்டு வாரத்துக்குள் கண் மஞ்சளானாலோ சிறுநீர் கறுத்தாலோ காய்ச்சல் வந்தாலோ கிளினிக்குக்கு வந்து “எனக்கு ரத்தம் ஏத்தினாங்க” என்று முதலில் சொல்லும்படி, தேதியோடு ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்.