நான்கு தட்டு, நான்கு மூலை

ஜூன் 4, புதன்

கறுப்பிக்குச் சமையலறை, மணிக்குப் பின்வாசல், சிட்டுக்கு மாடிப்படிக்குக் கீழே, பஞ்சுவுக்குக் கூண்டு. எங்கள் நான்கு நாய்களுக்கும் காலைச் சாப்பாடு இப்படி நான்கு மூலையில்தான் நடக்கிறது. காரணம் மணி. தட்டருகே யாராவது வந்தால் முதலில் உடம்பு விறைக்கும், விழுங்கும் வேகம் கூடும், அப்புறம்தான் உறுமல். உறுமியதற்காக அவனை அதட்டக்கூடாது என்பது என் கட்சி. அது எச்சரிக்கை. அதை அடக்கி வைத்தால் அடுத்த முறை சொல்லாமலே கடிப்பான். இவருக்கு இதில் உடன்பாடில்லை, "ரொம்பச் செல்லம் கொடுக்கிற" என்பார். தட்டுகளைத் தள்ளி வைத்த பிறகு சண்டையே வராததால் எங்கள் வாதமும் பாதியில் நிற்கிறது.

பஞ்சுவின் பால்பல் ஒன்று சோபாவில் கிடந்தது. குட்டிக்கு இருப்பது 28 பால்பற்கள். அவை விழுந்து 42 பற்களும் முளைக்க ஆறேழு மாத வயதாகிவிடும், இவனுக்கு இப்போது ஐந்து. அதுவரை செருப்பெல்லாம் பரண் மேல்.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்கு 70 வயது நிறைகிறது. எல்லோரும் வெளியே போய்ச் சாப்பிடலாம் என்று தம்பி போன் செய்தான். அம்மா கேட்ட முதல் கேள்வி: "அதுகள யாரு பாத்துக்குவா?"

ஜூன் 5, வியாழன்

நாய்களை அனுமதிக்கும் உணவகமாகப் பார்க்கலாமே என்கிறான் தம்பி. நான்கையுமா? கறுப்பிக்குக் கண்ணில் நீலம் பாய்ந்திருக்கிறது. புரை இல்லை, வயதில் விழிவில்லை இறுகுவதால் வரும் நிறம்தான் என்று மருத்துவர் பார்த்துச் சொன்னார். பகலில் நன்றாகவே தெரிகிறது, மங்கலான வெளிச்சத்தில்தான் தடுமாறுகிறாள். தெரியாத இடத்தில், நாற்காலிக் கால்களுக்கு நடுவே அவளை எதற்குத் திண்டாட விட வேண்டும்? மேசைக்கடியில் சாப்பாடு சிந்தும் இடத்துக்கு மணியைக் கூட்டிப்போவது பற்றிப் பேச்சே வேண்டாம். "பஞ்சுவை மட்டுமாவது கூட்டிட்டு வாக்கா" என்றான். அவனுக்குக் குட்டியைக் கொஞ்ச வேண்டும், அவ்வளவுதான்.

இரவு வேண்டாம், மதியம் போகலாம் என்று முடிவாயிற்று. வளர்ந்த நாய் ஒரு நாளில் பாதி நேரமாவது தூங்கும், எங்கள் வீட்டில் அதில் பெரும்பங்கு மதியத்தில்தான்.

ஜூன் 6, வெள்ளி

சிட்டுவின் காதுக்குள் ஓர் உண்ணி. இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, நசுக்காமல், நேராக இழுத்து எடுத்தேன். எண்ணெய் தடவுவது, நெருப்பு காட்டுவது எல்லாம் வேண்டாத வேலை. ஒருவரிடம் இருந்தால் நால்வரையும் பார்க்க வேண்டும் என்பதால் மாலை முழுக்க அதிலேயே போயிற்று. உண்ணிக் காய்ச்சல் உடனே தெரியாது. மூன்று வாரம் வரை அவள் சாப்பாட்டிலும் சுறுசுறுப்பிலும் ஒரு கண் வைக்க வேண்டும்.

ஜூன் 7, சனி

சாவிச் சத்தம் கேட்டாலே சிட்டு நடுங்க ஆரம்பித்துவிடுவாள். அதனால் இந்த வாரம் முழுக்கச் சாவியை எடுப்பதும், எங்கும் போகாமல் உட்கார்வதுமாக இருக்கிறேன். சாவி எடுத்தால் நாம் கிளம்பிவிடுவோம் என்ற கணக்கை அவள் மறக்க வேண்டும். இன்று தலையை மட்டும் தூக்கிப் பார்த்துவிட்டுப் படுத்துக்கொண்டாள். அம்மாவுக்குத்தான் கவலை: "எங்கயோ கிளம்புற, அப்புறம் மறந்து உக்காந்துடுற. உனக்கு என்ன வயசாச்சு?"

ஜூன் 8, ஞாயிறு

தரை சூடாவதற்கு முன்பே நால்வரையும் நீண்ட நடைக்குக் கூட்டிப்போய்க் களைப்பாக்கினோம். மணியைத் தனி அறையில் விட்டு, பஞ்சுவைக் கூண்டில் அடைத்துவிட்டுக் கிளம்பினோம். ஐந்து மாதக் குட்டியால் நான்கைந்து மணி நேரம் சிறுநீரை அடக்க முடியும் என்பார்கள், நான் மூன்றுக்கு மேல் நம்புவதில்லை. ஆகவே பிறந்தநாள் விருந்துக்கு நேரக் கட்டுப்பாடு.

வீட்டில் வைத்திருக்கும் கேமராவை அம்மாவுக்கு யார் காட்டிக்கொடுத்தார்களோ! உணவுப் பட்டியலைத் தள்ளி வைத்துவிட்டு என் போனைப் பிடுங்கிக்கொண்டார். "கறுப்பி பொரண்டு படுக்குறா பாரு." "சிட்டு எந்திரிச்சுட்டா. இல்ல, தண்ணி குடிக்கத்தான்." பக்கத்து மேசைக்காரர்கள் பேரப்பிள்ளைகள் என்றே நினைத்திருப்பார்கள். சொந்தப் பேரப்பிள்ளைகள் எதிரே உட்கார்ந்து கேக் எப்போது வெட்டுவது என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

கேக் சாக்லேட். மீந்ததைத் தம்பி வீட்டுக்கே கொடுத்தனுப்பினேன். சாக்லேட்டில் உள்ள தியோப்ரோமைனை நாயின் உடம்பு மெதுவாகத்தான் வெளியேற்றும், பஞ்சுவோ எட்டாத இடம் என்று எதையும் ஒப்புக்கொள்ளாதவன். எலும்புகளைக் கட்டித் தரட்டுமா என்று பரிமாறியவர் அன்பாகக் கேட்டார். வெந்த எலும்பு சிராய்சிராயாக உடைந்து குடலைக் குத்தும். குழம்பில் வெங்காயமும் பூண்டும் வேறு. அவை நாயின் சிவப்பணுக்களை அழிக்கும், அதுவும் சில நாள் கழித்துத்தான் தெரியவரும். வேண்டாம் என்றேன்.

அம்மா விடவில்லை. "உப்பு, காரம், வெங்காயம் எதுவும் இல்லாம, எலும்பெடுத்த கோழி கொஞ்சம் வேக வெச்சுக் கொடுப்பீங்களா?" அவர் இரண்டு முறை கேட்டு எழுதிக்கொண்டார். தனக்கென்று அம்மா பாதித் தட்டுகூடச் சாப்பிடவில்லை, இதற்கு மட்டும் ஆற வைத்துக் கட்டச் சொல்லி அதிகாரம்.

வீட்டில் எல்லாம் பத்திரம், பஞ்சுவின் போர்வையைத் தவிர. கோழியை அம்மாவே நான்காகப் பங்கிட்டார். மணியின் பங்கு கொஞ்சம் பெரிதாகத் தெரிந்தது. கேட்டால், கண் சரியாகத் தெரியவில்லையாம்.

ஜூன் 9, திங்கள்

சிட்டு நன்றாகச் சாப்பிடுகிறாள், காய்ச்சல் இல்லை. கறுப்பிக்கு வெறிநாய்த் தடுப்பூசி இந்த மாதம். பூச்சி மருந்தும் மூன்று மாதத்துக்கொரு முறை என்பதால் இப்போதே முறை வந்துவிட்டது, நால்வரையும் எடை போட வேண்டும். மணியைத் தூக்கிக்கொண்டு எடைக்கருவியில் நிற்கும் வேலையை இவரிடம் கொடுத்திருக்கிறேன்.