தொழுநோய்க் கணக்கில் இருப்பும் வரத்தும்

தொற்றுநோயியலின் அடிப்படைச் சொற்களை விளக்க எந்த நோயையும் எடுத்துக்கொள்ளலாம். காட்பாடிக்குப் பக்கத்தில், கரிகிரியில், 1955 முதல் தொழுநோய்க்கென ஒரு மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம் இயங்கிவரும் வேலூர்ப் பகுதியிலிருந்து எழுதும் எனக்குத் தொழுநோயே பொருத்தமாகப் படுகிறது.

கிருமி உடலில் புகுந்து தங்குவது தொற்று. அதனால் உடல் பாதிக்கப்படுவது நோய். தொழுநோய்க் கிருமி புகுந்தவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு நோய் வருவதே இல்லை. வருபவர்களுக்கும், கிருமி புகுந்ததற்கும் உணர்ச்சியற்ற தேமல் தோன்றுவதற்கும் இடைப்பட்ட நோயரும்பும் காலம் சராசரியாக 5 ஆண்டுகள். சிலருக்கு 20 ஆண்டுகள்கூட ஆகலாம். ஆகவே, 'யாரிடமிருந்து ஒட்டியது' என்று உறவினர்கள் நடத்தும் விசாரணை பெரும்பாலும் வீண்.

அதிகம் குழப்பிக்கொள்ளப்படுபவை வேறு இரண்டு சொற்கள். குறிப்பிட்ட நாளில் மக்களிடையே எத்தனை நோயாளிகள் இருக்கிறார்கள் என்பது இருப்பு வீதம். ஓராண்டில் புதிதாக எத்தனை பேருக்கு நோய் வந்தது என்பது நிகழ்வு வீதம். முன்னது ஏரியின் நீர் இருப்பு என்றால் பின்னது வரத்து. மதகை அகலத் திறந்துவிட்டால் வரத்து குறையாமலேயே இருப்பு இறங்கிவிடும். தொழுநோயில் பெருமளவு நடந்தது இதுதான். டாப்சோன் என்ற ஒரே மருந்து மட்டுமே கொடுக்கப்பட்ட காலத்தில் ஆண்டுக்கணக்கில் பதிவேட்டில் இருந்த நோயாளி, 1980களில் கூட்டு மருந்துச் சிகிச்சை வந்தபின், காலப்போக்கில் 6 அல்லது 12 மாதங்களிலேயே சிகிச்சை முடித்துப் பட்டியலிலிருந்து விடுபட்டார். இருப்பு வீதம் 10,000 பேருக்கு ஒருவருக்கும் கீழே இறங்கியதாக இந்தியா 2005 டிசம்பரில் எட்டிய இலக்கு இந்தப் பின்னணியில் வந்தது. பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து நீங்கியது என்பதே அதன் பொருள்; 1980இல் பெரியம்மைக்கு அறிவிக்கப்பட்டது போன்ற முற்றொழிப்பு அன்று. அதன் பின்னரும் பெரும்பாலான ஆண்டுகளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட புதிய நோயாளிகள் நாட்டில் கண்டறியப்பட்டுள்ளனர்.

'கண்டறியப்பட்டனர்' என்றே எழுத வேண்டியிருக்கிறது, ஏனெனில் இந்நோயின் உண்மையான நிகழ்வு வீதத்தை நேரடியாக அளப்பது அரிது. வீடு வீடாகத் தேடினால் எண்ணிக்கை கூடும். தேடலைத் தளர்த்தினால் குறையும். எனவே, ஆண்டறிக்கை எதைப் பார்த்தாலும் நான் முதலில் தேடுவது புதிய நோயாளிகளில் குழந்தைகள் எத்தனை பேர் என்பதை. குழந்தைக்கு நோய் வந்திருந்தால், பரவல் அண்மைக்காலத்தில் நிகழ்ந்திருக்கிறது. அடுத்துப் பார்ப்பது, கண்டறியப்பட்டபோதே கை, கால், கண்களில் ஊனம் வெளிப்படையாகத் தெரிந்தவர்களின் விகிதத்தை. அது உயர்ந்திருந்தால், நோயாளிகள் தாமதமாகவே மருத்துவரிடம் வந்துசேர்கிறார்கள்.