சொந்த மைதானம், ஓரிரவுப் பயணத் தொலைவில்

சொந்த ஊர் அணி சொந்த மைதானத்தில் ஆடுவதைப் பார்க்க, இரவு முழுவதும் ரயிலில் போக வேண்டிய ரசிகர்கள் இந்தியாவில் அதிகம் பேர் இருக்க மாட்டார்கள். 2018-19 சீசனில் நான் அப்படி ஒருவன். கால்பந்து அணியின் பெயர் சென்னை சிட்டி எஃப்சி. ஆடிய மைதானம் கோயம்புத்தூர் நேரு விளையாட்டரங்கம். நடுவில் 500 கிலோமீட்டர்.

இதைச் சென்னையில் யாரிடம் சொன்னாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: "நீலச் சட்டை போடுவார்களே, அந்த அணியா?" இல்லை. அது சென்னையின் எஃப்சி. ஐஎஸ்எல் என்கிற இந்தியன் சூப்பர் லீக்கில் ஆடுவது, விளம்பரப் பலகைகளில் இருப்பது, பெரியமேட்டில் உள்ள சென்னை நேரு அரங்கத்தை வீடாகக் கொண்டது. நான் சொல்வது ஆரஞ்சுச் சட்டை அணி. 1946-இல் தொடங்கி, உள்ளூர் லீக்கில் பல காலம் ஆடிவிட்டு 2017-இல் நாட்டின் அப்போதைய முதல்நிலை லீக்கான ஐ-லீகுக்குள் வந்த கழகம். முதல் சீசனைச் சென்னையில்தான் ஆடினார்கள். கேலரி காற்று வாங்கியது. அடுத்த சீசனில் கோவைக்குக் குடிபெயர்ந்தார்கள். இரண்டு சீசனிலும் எட்டாவது இடம். போதாக்குறைக்கு அணித் தலைவராக இருந்த மைக்கேல் சூசைராஜ், குமரிக் கடற்கரை தந்த இடதுகால் ஆட்டக்காரர், 2018-இல் ஜாம்ஷெட்பூருக்குப் போய்விட்டார். அந்தக் கோடையில் இந்த அணி கோப்பை வெல்லும் என்று யாராவது சொல்லியிருந்தால் நானே சிரித்திருப்பேன்.

அக்டோபர் 26, வெள்ளிக்கிழமை முதல் ஆட்டம். கோவை ரயில் நிலையத்திலிருந்து அரங்கத்துக்கு ஆட்டோவில் சில நிமிடங்கள்தான். வ.உ.சி. பூங்காவின் பக்கத்தில், சுற்றிலும் கடைகளைக் கட்டிக்கொண்டு நிற்கும் அரங்கம் அது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு உள்ளே ஒரு மைதானம் இருப்பதே தெரியாது. எதிரில் இந்தியன் ஏரோஸ். முழுக்க இளம் வீரர்களை வைத்துக் கால்பந்துக் கூட்டமைப்பு நடத்திய அணி. 4-1 என்று வென்றோம். ஸ்பெயினிலிருந்து புதிதாக வந்திருந்த பெட்ரோ மான்சி மூன்று கோல் அடித்தார். சின்னப் பையன்களுக்கு எதிராக அடித்ததைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் பந்தை நகர்த்திய விதம் வேறு மாதிரி இருந்தது. அதுவரை இந்த அணி பந்து கிடைத்ததும் முன்னால் தூக்கி அடிக்கும். இப்போது கோல்கீப்பரிடமிருந்தே தரையோடு தரையாகப் பின்னிக்கொண்டு வந்தார்கள். சிங்கப்பூரிலிருந்து வந்த பயிற்சியாளர் அக்பர் நவாஸின் வேலை அது. மான்சியோடு நெஸ்டர் கோர்டில்லோ, சாண்ட்ரோ ரோட்ரிகஸ், எஸ்லாவா என்று ஒரு ஸ்பானியக் கூட்டமே வந்திருந்தது. அவர்களுக்கு ஈடுகொடுத்து ஓட எட்வின் வான்ஸ்பால், ரொமாரியோ ஜேசுராஜ், பிரவிட்டோ ராஜு போன்ற நம் பையன்கள்.

எனக்குப் பிடித்தவர் எட்வின். நடுக்களத்தில் நிற்கச் சொன்னால் நிற்பார், வலப்பக்கத் தடுப்பாட்டத்துக்கு இறக்கினால் அங்கேயும் அலுக்காமல் ஓடுவார். கோல் அடிப்பவரைக் கொண்டாட ஊரே இருக்கிறது. இந்த மாதிரி ஆட்களைக் கவனிக்க ரயில் ஏறி வந்த ஒருவனாவது வேண்டாமா?

கேலரியில் எனக்குக் கிடைத்த நட்பு, ஒரு பழைய பஞ்சாலைத் தொழிலாளி. இளவயதில் ஆலை அணிக்கு ஆடியவர். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் அதே பக்கம், அதே வரிசை, கையில் மடித்த துண்டு. சென்னையிலிருந்து வருகிறேன் என்றதும் மேலும் கீழும் பார்த்தார். "பெயர் உங்கள் ஊருடையது தம்பி, புல் எங்கள் ஊருடையது" என்றார். அதற்குப் பதில் சொல்ல எனக்கு அந்தச் சீசன் முழுவதும் ஆயிற்று, சொல்லி முடித்தேனா என்பதும் சந்தேகம்தான். கோவைக்காரர்கள் முதலில் இந்த அணியை வாடகைக்கு வந்தவர்களைப் பார்ப்பதுபோலத்தான் பார்த்தார்கள். மரியாதை குறையாது, ஒட்டுதலும் இருக்காது. நவம்பர் வாக்கில் அது மாறத் தொடங்கியது. பள்ளிப் பிள்ளைகள் வகுப்பு வகுப்பாக வந்தார்கள். வாளையாறு தாண்டிப் பாலக்காட்டுக்காரர்கள் வந்தார்கள். நல்ல ஆட்டம் எங்கே நடந்தாலும் மோப்பம் பிடித்து வந்துவிடுகிற கூட்டம் அது.

ஊரைப் பற்றியும் ஒரு வார்த்தை. காலையில் வந்து இறங்கிவிட்டு மாலை ஐந்து மணி ஆட்டத்துக்குக் காத்திருப்பவனுக்குக் கோவையைவிட நல்ல ஊர் கிடையாது. சாம்பார் வடையில் தொடங்கலாம், மத்தியானம் அரிசி பருப்பு சாதம் கிடைக்கும் மெஸ் ஒன்றைத் தேடலாம், ஆட்டம் முடிந்ததும் தள்ளுவண்டியில் காளான். சென்னையிலிருந்து போகிறவர்கள் ஒருமுறையாவது காளானைக் கேட்டு வாங்குங்கள். காளான் எவ்வளவு இருக்கிறது, முட்டைகோஸ் எவ்வளவு இருக்கிறது என்ற ஆராய்ச்சி மட்டும் வேண்டாம்.

சீசனின் நடுப்பகுதியை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில் பெரும்பகுதியை நான் நேரில் பார்க்கவில்லை. வெளியூர் ஆட்டங்கள் ஸ்ரீநகர், ஐஸ்வால், இம்பால், ஷில்லாங் என்று இந்திய வரைபடத்தின் ஓரங்களிலெல்லாம் நடந்தன. போதாக்குறைக்குப் பாதிச் சீசனுக்குப் பிறகு பல ஆட்டங்களைத் தொலைக்காட்சியில் காட்டாமல் விட்டுவிட்டார்கள். அலுவலகத்தில் கைப்பேசியை மேசைக்கடியில் வைத்து ஸ்கோரை மட்டும் புதுப்பித்துக்கொண்டிருப்பேன். அதே நேரத்தில் நம் ஊர் நீலச் சட்டைக்காரர்கள், முந்தைய ஆண்டு ஐஎஸ்எல் சாம்பியன்கள், அந்த ஆண்டு 9 புள்ளியோடு கடைசி இடத்துக்குச் சரிந்துகொண்டிருந்தார்கள். சந்தோஷப்பட்டேன் என்று சொல்ல முடியாது. வருத்தப்பட்டேன் என்றும் சொல்ல முடியாது.

பொங்கல் நேரத்தில் ஈஸ்ட் பெங்கால் கோவைக்கு வந்தது. நூற்றாண்டை நெருங்கிக்கொண்டிருந்த கழகம். கொல்கத்தாவிலேயே அவர்களை 2-1 என்று வென்றுவிட்டு வந்திருந்தோம். பண்டிகைக்காக ஊர் ஊராகப் போகும் கூட்டத்துக்கு நடுவே ரயிலில் இடம் பிடித்து நான் கோவை போனது என் வீட்டில் இன்றும் சொல்லிக்காட்டப்படும் விஷயம். அரங்கத்தில் ஒரு மூலை முழுவதும் சிவப்பும் மஞ்சளும். கொல்கத்தாவிலிருந்து இவ்வளவு பேரா என்று வியந்தேன். பக்கத்தில் போய்ப் பேச்சுக் கொடுத்தபோதுதான் விளங்கியது: பாதிப் பேர் திருப்பூர் பனியன் கம்பெனிகளிலும் கோவைப் பட்டறைகளிலும் வேலை செய்யும் வங்காளத்துப் பையன்கள். ஒருநாள் விடுப்பு கேட்டு வாங்கி, ஊரிலிருந்து கொண்டுவந்த கொடியோடு வந்திருந்தார்கள். என் பயணத்தைப் பெருமையாக நினைத்துக்கொண்டிருந்த எனக்கு அது நல்ல பாடம். அவர்கள் வேலைக்காக நாட்டின் மறுகோடிக்கு வந்து, அங்கே தங்கள் அணி தேடி வந்த நாளில் கொடி பிடிக்கிறார்கள். அந்த ஆட்டத்தையும் 2-1 என்று வென்றோம். அந்த மூலை கடைசிவரை பாடுவதை நிறுத்தவில்லை.

மார்ச் 1. கோவாவில் சர்ச்சில் பிரதர்ஸுடன் ஆட்டம். வென்றால் அங்கேயே கோப்பை உறுதி. 3-2 என்று தோற்றோம். நாங்கள் 40 புள்ளி, ஈஸ்ட் பெங்கால் 39. இரு அணிகளுக்கும் மீதி ஒரே ஆட்டம். மார்ச் 9, சனிக்கிழமை, ஒரே நேரத்தில். நாங்கள் கோவையில் மினர்வா பஞ்சாபோடு, அவர்கள் கோழிக்கோட்டில் கோகுலம் கேரளாவோடு. கணவாய்க்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. ஒரு தேசிய லீக்கின் முடிவு பாலக்காட்டுக் கணவாயின் இரு முனைகளில் தீர்மானமாகப் போகிறது என்பதே எனக்குப் போதுமான கிளர்ச்சியாக இருந்தது.

வெள்ளி இரவு சேரன் எக்ஸ்பிரஸில் ஏறியபோது பெட்டியில் இன்னும் சில ஆரஞ்சுச் சட்டைகள் தென்பட்டன. முதல் ஆட்டத்துக்குப் போனபோது நான் மட்டும்தான். வெற்றி கிட்டத்தில் வந்தால் சொந்தக்காரர்கள் கூடுவார்கள்தானே! கிண்டலாகச் சொல்கிறேன், ஆனால் அன்றிரவு அவர்களோடு விடிய விடியப் பேசிக்கொண்டுதான் போனேன்.

மாலை அரங்கம் நிறைந்திருந்தது. பஞ்சாலைப் பெரியவர் எனக்கு இடம் போட்டு வைத்திருந்தார், துண்டை விரித்து. உட்கார்ந்து மூச்சு வாங்குவதற்குள், மூன்றாவது நிமிடத்தில் மினர்வாவின் ரோலண்ட் பிலாலா கோல் அடித்துவிட்டார். அவ்வளவு கூட்டம் அவ்வளவு அமைதியாக இருந்து நான் கேட்டதில்லை. மினர்வா முந்தைய ஆண்டின் சாம்பியன். கோப்பையைச் சும்மா ஒப்படைக்க வரவில்லை. நம் ஆட்கள் பந்தை அதே பாணியில் பின்னிக்கொண்டே இருந்தார்கள், ஆனால் ஒவ்வொரு கடைசிப் பாஸும் அரை அடி தள்ளிப் போனது. இடைவேளைக்கு 0-1.

இடைவேளையில் ஒருவரும் காபி வாங்கப் போகவில்லை, கணக்குத்தான் போட்டார்கள். கோழிக்கோட்டில் 0-0. அப்படியே முடிந்தால் இருவருக்கும் 40 புள்ளி. நேருக்கு நேர் மோதிய இரண்டு ஆட்டங்களையும் நாம் வென்றிருப்பதால் கோப்பை நமக்கு. அவர்கள் ஒரு கோல் அடித்து வென்றுவிட்டால், நாமும் வென்றே ஆக வேண்டும். பின்னால் இருந்த கல்லூரி மாணவன் ஒருவன் இதையெல்லாம் பக்கத்திலிருந்த காதலிக்கு விளக்கிக்கொண்டிருந்தான். அந்தப் பெண் இரண்டே வினாடி யோசித்துவிட்டு, "அப்படியானால் ஜெயித்துவிடச் சொல்" என்றாள். மொத்த வரிசையும் சிரித்தது.

56-ஆவது நிமிடம் பெனால்டி. மான்சி. 1-1. அந்தச் சீசனில் அவர் அடித்த 21 கோல்களில் இதற்கு வந்த கூச்சலைப் போல நான் வேறெதற்கும் கேட்கவில்லை. 69-ஆவது நிமிடத்தில் கௌரவ் போரா, தடுப்பாட்டக்காரர், 2-1 ஆக்கினார். கிட்டத்தட்ட அதே நேரத்தில் கோழிக்கோட்டில் கோகுலம் கோல் அடித்த செய்தி கைப்பேசிகளில் ஓடியது. பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார், முடிந்தது என்பதுபோல.

முடியவில்லை. பத்து நிமிடம் கழித்து ஈஸ்ட் பெங்கால் பெனால்டியில் சமன் செய்தது. 85-ஆவது நிமிடத்தில் இன்னொன்று. கோழிக்கோட்டில் 2-1. அதாவது அவர்களுக்கு 42. நமக்கு 43, இந்த ஒரு கோல் முன்னிலை நிற்கும்வரை மட்டும். மினர்வா ஒன்று திருப்பி அடித்தால் கோப்பை கொல்கத்தாவுக்குப் போய்விடும். கைப்பேசியைப் பார்த்த முகங்கள் வரிசை வரிசையாக மாறியதைப் பார்த்தேன். மைதானத்தில் எட்வின் ஒவ்வொரு பந்தையும் விரட்டிக்கொண்டிருந்தார், கோழிக்கோடு என்று ஓர் ஊர் இருப்பதே தெரியாதவர்போல. கூடுதல் நேரத்தின் மூன்றாவது நிமிடத்தில் மறுபடியும் போரா. 3-1. ஸ்பானிய முன்கள வீரர்களை நம்பி வந்த சீசனை ஒரு தடுப்பாட்டக்காரர் இரண்டு கோல் அடித்து முடித்துவைத்தார்.

தேசிய லீக்கை வென்ற முதல் தமிழ்நாட்டு அணி. பெரியவர் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "உங்கள் ஊருக்குச் சொல்லுங்கள், கோயம்புத்தூர் ஜெயித்தது என்று" என்றார். நான் மறுத்துப் பேசவில்லை. பேச அப்போது குரலும் இல்லை.

அதன்பிறகு நடந்தவை சந்தோஷமானவை அல்ல. சுவிட்சர்லாந்தின் எஃப்சி பாசல் கழகம் அதே ஆண்டில் 26 சதவீதப் பங்கை வாங்கியபோது எதிர்காலம் பிரகாசமாகத் தெரிந்தது. ஆனால் அடுத்த சீசனிலிருந்து ஐஎஸ்எல்தான் நாட்டின் முதல்நிலை லீக் என்றாகிவிட்டது. ஐ-லீகை வென்று ஆசிய சாம்பியன்ஸ் லீக் கதவைத் தட்டிய கடைசி அணி எங்களுடையது. 2020 ஜனவரியில் அந்தத் தகுதிச் சுற்று ஆட்டம் வந்தது, பஹ்ரைனின் அல்-ரிஃபாவுடன். சொந்த மைதானத்தில் என்று அறிவிப்பு. எங்கே என்று பார்த்தால் அகமதாபாத்! 1-0 என்று தோல்வி. நெஸ்டர் அதற்கு முன்பே ஹைதராபாத்துக்குப் போய்விட்டார், மான்சி ஜப்பானுக்குப் போனார். பிறகு கொரோனா. 2021-22 ஐ-லீக் பட்டியலில் சென்னை சிட்டியின் பெயரே இல்லை. மூன்றாண்டுக்குள் ஒரு சாம்பியன் அணி காணாமல் போவதை நம் கால்பந்து உலகம் அதிகம் முணுமுணுக்காமல் ஏற்றுக்கொண்டது. எனக்கு அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை.

எட்வின் 2020-இல் சென்னையின் எஃப்சிக்கு வந்துவிட்டார். ஆட்டங்கள் மறுபடி சென்னைக்கு வந்தபிறகு நானும் பெரியமேடு அரங்கத்துக்குப் போகத் தொடங்கினேன். வீட்டிலிருந்து மெட்ரோவில் கொஞ்ச நேரம்தான். நீலச் சட்டை இதுவரை வாங்கவில்லை. எட்வின் அங்கே ஆடிய காலத்தில், ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் அணிப் பட்டியல் வந்ததும், அவர் பெயர் இருக்கிறதா என்று முதலில் பார்ப்பேன். பார்த்துவிட்டுக் கோவைப் பெரியவருக்கு ஒரு போன் போட்டுச் சொல்வேன். "நம் பையன் ஆடுகிறானா?" என்றுதான் அவர் எப்போதும் கேட்பார்.