ஒரு தடவை கட்டினால் போதும்

"எத்தனை நாளைக்கும்மா?" என்று பூக்கடை அண்ணன் கேட்டார். மூன்று வாரம் என்றேன். "அப்போ தினம் மாத்தணுமே?" "வேண்டாம் அண்ணே, ஒரு தடவை கட்டினால் போதும்." நாரைச் சுற்றிக்கொண்டிருந்த விரல் நின்றது. என்னைப் பார்த்தார். சரி என்று அடுத்த ரோஜாவை எடுத்தார்.

அப்போதே சொல்லியிருக்கலாம், அந்த மாலை வாடுவதுதான் படைப்பே என்று. மலேசியாவின் பினாங்கில், ஜார்ஜ் டவுன் நகரத்து லிட்டில் இந்தியாவில் பழைய கடைகள் ஒவ்வொன்றாகக் கைமாறுவதை வாடும் பூவில் காட்டுவது எங்கள் கண்காட்சி ஓவியரின் எண்ணம். அக்கம்பக்கத்தாரோடு சேர்ந்து செய்ய வேண்டும் என்பது எங்கள் அருங்காட்சியகத்தின் நிபந்தனை. அந்தச் 'சேர்ந்து' என்ற சொல்லுக்காகத்தான் நான் அவர் கடைக்குப் போனேன்.

பத்தாம் நாள் மனைவியோடு வந்தார். மல்லிகை பழுப்பேறி, ரோஜா கறுத்திருந்தது. உதிர்ந்ததைப் பெருக்கக் கூடாது என்று நாங்களே எழுதி ஒட்டியிருந்தோம். அந்த அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். அண்ணன் மாலையை விட்டுவிட்டுச் சுவரிலிருந்த தன் கடைப் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தார். "பேரை மட்டும் எடுத்துடும்மா. வாடின பூ விக்கிறவன்னு நினைச்சுக்குவாங்க."

அன்றே எடுத்துவிட்டேன். மிஞ்சியது ஓவியர் பெயர் மட்டும். அது சரியா என்று இன்றுவரை தெரியவில்லை.

கேட்ட கூலியைக் கொடுத்தோம், ஏமாற்றவில்லை. இதே ஊர் ஆர்மேனியன் தெருவில் 2012-இல் சுவரோவியர் எர்னஸ்ட் சக்கரேவிச் நிஜ சைக்கிளைச் சேர்த்துச் சுவரில் வரைந்த இரண்டு பிள்ளைகளும்தான் வெயிலிலும் மழையிலும் மங்குகிறார்கள், யார் கோபித்துக்கொண்டது? இப்படி எனக்கு நானே வாதாடுவேன். ஆனால் சாயம் வேறு, சாமிக்குப் போடக் கட்டிப் பழகிய கை வேறு. தன் கடையில் நேற்றைய மாலை தொங்க அவர் விடமாட்டார்.

இதில் வேடிக்கை, அந்த வாட்டத்தின் கதையை எனக்குச் சொன்னதே அவர்தான். 2000-இல் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் முடிந்ததும் அக்கம்பக்கத்தில் யார் யார் காலி செய்தார்கள், 2008-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஜார்ஜ் டவுன் சேர்ந்த பிறகு எந்தக் கடை காப்பிக்கடை ஆனது என்று வரிசையாகச் சொல்வார். விளக்கியிருந்தால் ஒருவேளை மனதோடு கட்டியிருப்பார். முடியாது என்றும் சொல்லியிருப்பார். அந்த 'முடியாது'க்குப் பயந்துதான் வாயை மூடிக்கொண்டேனோ? திறப்பு விழாவுக்கு நான்கு நாள்தான் இருந்தது, அதுவும் உண்மை.

வெள்ளிக்கிழமை இப்போதும் அவரிடம்தான் பூ வாங்குகிறேன். முழம் போட்டு, வாழையிலையில் மடித்து நீட்டும்போது, "காலையில கட்டினதும்மா" என்கிறார். முன்பெல்லாம் அப்படிச் சொன்னதில்லை.