நமக்கா, எங்களுக்கா?

லண்டனில் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்ப்பதுதான் என் தொழில். மருத்துவமனைத் துண்டறிக்கை, வீட்டு வரி நோட்டீஸ் என்று போய்க்கொண்டிருந்த வேலையில், ஒருமுறை போஸ்டர்கள் வந்தன. இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் அரசு உள்நாட்டு மக்களுக்காக ஒட்டியவை. தமிழ் முதியோர் கூடும் இடத்தில் நகல்களை வைக்கப் போகிறார்கள், தமிழில் விளக்கம் வேண்டும் என்றார்கள்.

முதலில் எடுத்தது 1939-இல் தகவல் அமைச்சகம் போட்டது. சிவப்புப் பின்னணி, வெள்ளை எழுத்து, மேலே ஒரு கிரீடம். வேறு படமே கிடையாது. உங்கள் துணிவும் உங்கள் உற்சாகமும் உங்கள் மனஉறுதியும் வெற்றி தேடித் தரும் என்கிறது. ‘உங்கள்’ என்று வரும் மூன்று இடத்திலும் அடிக்கோடு.

சரி, வெற்றி யாருக்கு? ஆங்கிலத்தில் அதற்கு ‘us’ என்ற ஒரே சொல்தான். தமிழில் அப்படித் தப்பிக்க முடியாது. நமக்கா, எங்களுக்கா? அந்த ஒரு சொல்லுக்கு அரை நாள் உட்கார்ந்திருந்தேன்.

அமைச்சகம் நினைத்தது ‘நமக்கு’. படித்த பலர் காதில் விழுந்தது ‘எங்களுக்கு’. பாடு உங்களுடையது, வெற்றி எங்களுடையது என்று மேலிருந்து யாரோ சொல்வதுபோல இருந்தது. அன்றே இதைக் குறை சொன்னார்கள். ‘நமக்கு’ என்று எழுதி, கீழே இந்தக் கதையையும் சேர்த்தேன். இன்று கோப்பையிலும் டீ-ஷர்ட்டிலும் பார்க்கிற ‘பதறாதீர்கள், வேலையைத் தொடருங்கள்’ (Keep Calm and Carry On) அதே வரிசையில் வந்ததுதான். ஏறத்தாழ 24.5 லட்சம் பிரதி அச்சடித்தும் பெரும்பாலானவை ஒட்டப்படாமலே கூழாகிப் போயின.

இது எனக்குச் சும்மா இலக்கண விஷயம் இல்லை. கொரோனா சமயத்தில் ஓர் அலுவலகத்துக்காகத் தடுப்பூசி அறிவிப்பு மொழிபெயர்த்தேன். ‘எங்களுக்கு ஒத்துழைப்பு தாருங்கள்’ என்று அப்படியே போட்டுவிட்டேன். எங்கள் தெருவில் இருக்கும் கும்பகோணத்து அம்மா ஒருவர் அதைப் படித்துவிட்டுக் கேட்டார்: “ஊசி போட்டுக்கிட்டா நல்லது அவங்களுக்கா தம்பி, நமக்கா?” மாற்றலாமா என்று அலுவலகத்தில் கேட்டேன். அச்சாகிவிட்டது என்றார்கள். அது இன்னும் உறுத்துகிறது.

அடுத்தது, வீட்டுத் தோட்டம் போடச் சொல்லும் போஸ்டர். மண்வெட்டியை மிதித்து மண்ணுக்குள் இறக்கும் ஒரு கால். கிரீடம் இல்லை, ‘உங்கள்’ இல்லை. போருக்கு முன் உணவில் பெரும்பகுதி கப்பலில்தான் வந்துகொண்டிருந்தது. அந்தக் கப்பல்களை ஜெர்மன் நீர்மூழ்கிகள் மூழ்கடித்தன. 1940 ஜனவரியில் வெண்ணெய்க்கும் சர்க்கரைக்கும் பன்றி இறைச்சிக்கும் ரேஷன் வந்தது. ரேஷன் முழுசாக நீங்க 1954 ஆனது. போஸ்டரில் இருந்த ஆங்கிலச் சொல்லை ‘கொத்துங்கள்’ என்று மேலிருந்து சொல்வதுபோல எழுத எனக்கு மனசு வரவில்லை. அரச கோட்டையான லண்டன் கோபுரத்து அகழியிலேயே காய்கறி போட்டிருக்கிறார்கள். அப்புறம் என்ன, ‘கொத்துவோம்’ என்றே எழுதினேன்.

கடைசியாக, ஃபூகாஸ் என்ற புனைபெயரில் ஒரு கார்ட்டூனிஸ்ட் 1940-இல் வரைந்தது. பஸ்ஸில் இரண்டு பெண்கள் ஊர்க்கதை பேசிக்கொண்டு போகிறார்கள். பின் இருக்கையில் ஹிட்லரும் அவருடைய விமானப்படைத் தலைவர் கோரிங்கும். இதற்கு மொழிபெயர்ப்பே வேண்டாம் என்று தோன்றியது. ‘பகலில் பக்கம் பார்த்துப் பேசு’ என்று மட்டும் போட்டேன்.

திறப்பு நாளன்று ஒரு பெரியவர் அதன் முன்னால் நின்று வாய்விட்டுப் படித்தார். பிறகு பக்கத்தில் நின்ற மனைவியைப் பார்த்து, “ராத்திரியில அதுவும் பேசாதே” என்று முடித்தார்.