என் சுண்டுவிரலுக்கு வந்த புத்தி

ஐசியூவில் ஆறு வருஷம் குப்பை கொட்டிவிட்டுத்தான், ஆபரேஷனுக்கு மயக்க மருந்து கொடுக்கும் நர்ஸாவதற்கான நர்ஸ் அனஸ்தடிஸ்ட் படிப்புக்கு வந்தேன். வென்டிலேட்டர், நள்ளிரவில் இதயம் நின்றவரைக் காப்பாற்ற ஓடும் ‘கோட்’ எல்லாம் பார்த்தாச்சு என்ற திமிர் கொஞ்சம் இருந்தது. ஆபரேஷன் தியேட்டரில் பயிற்சி தொடங்கிய முதல் வாரமே ஒரு மாஸ்க்கைப் பிடிக்கத் தெரியாமல் அந்தத் திமிர் இறங்கிவிட்டது.

எல்லோரும் கேட்பது மூச்சுக்குழாயில் ட்யூப் போடுவதைப் பற்றித்தான். படிப்பு முடிவதற்குள் குறைந்தது 250 போட வேண்டும், அது எப்படியோ கைக்கு வந்துவிடும். அதற்கு முந்தைய ஓரிரு நிமிடம்தான் பாடாய்ப் படுத்துகிறது. பால் மாதிரி வெள்ளையாக புரொபோஃபால் என்ற மயக்க மருந்து உள்ளே போகிறது, கொஞ்ச நேரத்தில் மூச்சு நிற்கிறது, அதற்கப்புறம் அந்த ஆளுக்கு நம் கைதான் மூச்சு. இடது கையின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மாஸ்க்கின் மேல், மற்ற மூன்றும் தாடை எலும்பில். எலும்பில்தான், அடியில் இருக்கும் சதையில் இல்லை. சதையை அழுத்தினால் நாக்கு மேலே போய் வழியை அடைத்துவிடும். மாஸ்க்கை முகத்தில் அமுக்கக் கூடாது, தாடையைத் தூக்கி மாஸ்க்குக்குள் கொண்டுவர வேண்டும்.

நான் அமுக்கினேன். நோயாளிக்கு நல்ல தாடி, பருத்த கழுத்து. மாஸ்க்கோடு இணைந்த காற்றுப் பையைப் பிழிந்தால் கன்னத்தோரம் புஸ்ஸென்று காற்று போகிறது, மூச்சு போய்வருவதைக் காட்டும் கார்பன் டை ஆக்சைடு கோடு மானிட்டரில் தட்டையாகக் கிடக்கிறது, ஆக்சிஜன் குறையக் குறைய அந்த பீப் ஒலி சுருதி இறங்குகிறது. பக்கத்தில் நின்று சொல்லித்தரும் பிரிசெப்டர் ஒன்றும் சொல்லவில்லை. நாக்கு வழியை அடைக்காமல் தடுக்கும் ஒரு ஏர்வேயை வாயில் செருகிவிட்டு, என் சுண்டுவிரலைப் பிடித்துத் தாடை மூலைக்கு நகர்த்தி வைத்தார். அடுத்த பிழிவில் கோடு மேடாக எழுந்தது.

எல்லோரும் அவரைப் போல இல்லை. பிரிசெப்டர் தினம் ஒருவர், தினமும் மாமியார் மாறுகிற மாதிரி. முந்தின இரவே நோயாளியின் விவரம், என்னென்ன மருந்து, எவ்வளவு டோஸ் எல்லாம் எழுதி அனுப்பிவிட வேண்டும். திங்கள்கிழமை ஆள் சொன்னபடி ட்யூபுக்கு டேப் ஒட்டினால் செவ்வாய்க்கிழமை ஆள் பிய்த்து எறிவார். ஒருவர் நோயாளி விழித்திருக்கும்போதே என்னைத் திட்டினார், அதை இன்னும் மன்னிக்கவில்லை. இப்படியே 600 கேஸ், 2,000 மணி நேரம். சம்பளம் கிடையாது, கடன் மட்டும் வளர்கிறது.

திருச்சியிலிருந்து அம்மா, “மயக்க ஊசி டாக்டர்தானேடி போடுவார், உனக்கெதுக்கு?” என்கிறாள். நம்மூரில் அப்படித்தான். இங்கே அமெரிக்காவில் நூறு வருஷத்துக்கும் மேலாக நர்ஸுகள் செய்கிற வேலை இது. ஆலிஸ் மகாவ் என்ற நர்ஸ், மேயோ சகோதரர்கள் என்ற சர்ஜன்களிடம் வேலை பார்த்தவர், 14,000-க்கும் மேற்பட்ட கேஸ்களைப் பற்றி 1906-லேயே கட்டுரை எழுதியிருக்கிறார், மயக்க மருந்தால் ஒரு சாவு கூட இல்லை என்று. ஈதரைத் துளித்துளியாக மாஸ்க்கில் விட்ட காலம், மானிட்டரும் கிடையாது! அம்மாவிடம் சொன்னேன். “சரி, சாப்பிட்டியா?” என்றாள்.

ஒரு வியாதி மட்டும் தொற்றிவிட்டது. கடையில் வரிசையில் நிற்கும்போதுகூட எதிரே இருப்பவரின் தாடையைத்தான் பார்க்கிறேன். போன வாரம் விருந்துக்கு வந்த கொழுந்தனார் புதுசாகத் தாடி வளர்த்திருந்தார். எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றார்கள். எனக்குத் தோன்றியது, இந்த மூஞ்சிக்கு மாஸ்க் ஒட்டாது.